ஏழு மீற்றர் வானும் மச்சாளும்

என் கணவர் இருபத்தாறு வருடம் லண்டனில் பஸ் ஓட்டினார். ஓய்வு எடுத்த மறுநாள் காலை வழக்கம்போல எழுந்து, சவரம் செய்து, சப்பாத்துப் போட்டு, எங்கே போவதென்று தெரியாமல் குசினி வாசலில் வந்து நின்றார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அங்கேயே நின்றார் என்றுதான் சொல்லவேண்டும். உப்புப் போத்தல் இருந்த இடத்தில் மிளகாய்த்தூளை வைத்தார். கறி கொதிக்கும்போது மூடியைத் திறந்து பார்த்து, "இதுக்கு இவ்வளவு பால் தேவையோ?" என்று கேட்டார். நான் பள்ளிக்கூடக் குசினியில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவள். அங்கேகூட என்னை யாரும் இப்படி மேற்பார்வை செய்ததில்லை.

"உங்களுக்கு ஏதாவது பொழுதுபோக்கு வேணும்," என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். பின்வளவில் நாலு தக்காளிக் கன்று வைப்பார் என்பதுதான் என் எண்ணம். அடுத்த சனிக்கிழமை, "நோர்பரியில ஒராளைப் பாத்திட்டு வாறன்," என்று போனவர் மத்தியானம் ஒரு வெள்ளை வானோடு திரும்பி வந்தார்.

சாமான் ஏற்றுகிற வான் இல்லை. உள்ளே கட்டில், அடுப்பு, பிரிட்ஜ், மேசை, கக்கூசு எல்லாம் இருக்கிற கேம்பர்வான். ஏழு மீற்றர் நீளம். கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு முன்வளவில் அதை நேராக விட இடமில்லை. குறுக்காக விட்டார். மூக்கு ஒரு வேலியை முட்டியது, பின்பக்கம் மற்ற வேலியை முட்டியது. முன் யன்னல் முழுக்க மறைபட்டுப்போய், பட்டப்பகலில் வரவேற்பறையில் லைட் போடவேண்டி வந்தது.

"பாரும், வீட்டுக்கு முன்னால இன்னொரு வீடு," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் எங்கள் மகள் பிறந்த அன்றுதான் கடைசியாகப் பார்த்தேன். அதனால் உள்ளே போய் லைட்டைப் போட்டேன்.

வால்தம்ஸ்டோவில் இருக்கும் மகளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவள் உடனே என்னைத்தான் கூப்பிட்டாள். "அம்மா, இஸ் அப்பா ஓகே?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் காலை இவர் வானுக்குள் இருந்து கையேடு வாசித்துக்கொண்டிருந்தார். கதவில் யாரோ தட்டியிருக்கிறார்கள். அடுத்த தெருவில் இருக்கும் வயதான குஜராத்தி அம்மா. முன்பதிவு இல்லாமல் வரலாமா என்று கேட்டிருக்கிறார். இருபத்தாறு வருடம் ஏற வந்தவரை ஏற்றியே பழகிய மனிதர் இவர். "வாங்கோ, வாங்கோ, படி கவனம்," என்று கைபிடித்து ஏற்றி உட்காரவைத்துவிட்டார். தேத்தண்ணி கேட்டு எனக்குப் போன் வந்தது. நான் மூன்று கோப்பையோடு போனபோது உள்ளே இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். மூன்று பேரும் இடது கைச்சட்டையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, பொறுமையாக இருந்தார்கள். நான் ஏப்ரன் கட்டியிருந்தேன். முதலாவது அம்மா என்னைப் பார்த்து, "நர்ஸ் வந்திட்டா," என்று மற்றவர்களுக்குச் சொன்னார்.

தடுப்பூசி போடுகிற வான் என்று நினைத்திருக்கிறார்கள். நான் விளங்கப்படுத்தினேன். அவர்கள் கோபிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து, கட்டிலை அமத்திப் பார்த்து, கக்கூசுக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

"இல்லை எண்டு முதலே சொல்லியிருக்கலாமே?" என்று இவரைக் கேட்டேன்.

"நான் வாய் திறக்க முதல் மனிசி கையை நீட்டிப்போட்டுது," என்றார்.

பிறகு கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஐயர் வானைச் சுற்றி ஒருதரம் நடந்தார். கதவால் எட்டிப் பார்த்தார். அடுப்பையும் கட்டிலையும் கண்டதும் அவருக்குக் குழப்பமாகிவிட்டது. "இதுக்கு வாகனப் பூசையோ, புதுவீடு குடிபூரலோ?" என்று கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் ஐயரைப் பார்த்தேன். கடைசியில் இரண்டையும் செய்வோம் என்று ஐயரே முடிவு கட்டினார். வெளியே நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தாயிற்று. உள்ளே சின்ன அடுப்பில் பால் காய்ச்சினேன். பால் பொங்குகிற நேரம் பார்த்து ஐயர் கற்பூரம் கொளுத்தினார். அந்தக் கூரையில் புகை அலாரம் ஒன்று இருப்பது எங்கள் மூவருக்கும் தெரியாது. அது கத்திய கத்தில் ஐயர் மந்திரத்தைப் பாதியில் விட்டு வெளியே பாய்ந்தார். இவர் ஒரு துவாயால் அலாரத்துக்கு விசுக்கினார். பால் அடுப்பு முழுக்க ஓடியது. வெளியே நின்ற ஐயர், "பால் நல்லாப் பொங்கியிருக்கு, நல்ல சகுனம்," என்று யன்னலால் சொல்லிவிட்டு மிச்ச மந்திரத்தையும் அங்கே நின்றே சொல்லி முடித்தார்.

முதல் பயணம் தூரம் போகவில்லை. லண்டனின் கிழக்கு ஓரத்தில், காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேம்ப்சைட். வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம். மகள் வீட்டிலிருந்து இருபது நிமிடம். பத்துக் கிலோ அரிசி, அரிசிமா, பருப்பு, இடியப்ப உரல், இரண்டு சம்பல் போத்தல், கிரைண்டர், றைஸ் குக்கர் எல்லாம் நான் ஏற்றுவதை இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாங்கள் போறது மூண்டு நாளைக்கு."

"மழை வந்தா?"

"மழை வந்தா நீர் கூடச் சோறு தின்னுவீரோ?"

போகும் வழியில் அவருடைய பழைய பஸ் பாதையில் ஒரு துண்டு வந்தது. நான் கவனிக்கவில்லை. திடீரென்று இவர் சிக்னல் போட்டு, ஓரம் கட்டி, பஸ் தரிப்பிடத்தில் அழகாகக் கொண்டுபோய் நிறுத்தினார். இடது கை கதவு திறக்கிற பொத்தானைத் தேடி டாஷ்போர்டைத் தடவியது. தரிப்பிடத்தில் நின்ற ஏழெட்டுப் பேரும் எங்களைப் பார்த்தார்கள்.

"இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்?"

அவர் எட்டிப் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். "கண்ணாடி சரியோ எண்டு பாத்தனான்," என்று சொல்லிவிட்டு மெல்ல வானை எடுத்தார்.

கேம்ப்சைட்டில் வரிசையாகப் பன்னிரண்டு வான்கள். இடத்துக்கு ஒரு மின்சாரப் பெட்டி. பின்னேரம் நான் றைஸ் குக்கரையும் கேத்திலையும் ஒன்றாகப் போட்டேன். டொக் என்று ஒரு சத்தம். எங்கள் வானில் மட்டும் இல்லை, வரிசை முழுக்கக் கரண்ட் போய்விட்டது. எங்கோ கால்பந்தாட்டம் நடந்துகொண்டிருந்த நேரம். பன்னிரண்டு கதவும் திறந்தன. ஆம்பிளைகள் எல்லாரும் கையில் ரிமோட்டோடு இறங்கி வந்தார்கள்.

பக்கத்து வானில் இருந்த நெட்டை வெள்ளைக்காரர்தான் எங்களிடம் வந்தவர். பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி ஒரு தாளில் படம் கீறி, எது எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். கடைசியில் என் றைஸ் குக்கரைத் தூக்கிப் பார்த்து, "இது எத்தனை பேருக்கு?" என்று கேட்டார். இரண்டு பேருக்கு என்றேன். அவர் நம்பவில்லை.

அடுத்த நாளிலிருந்து சோறு போட முதல் நான் வரிசைக்கு அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வெளியே வந்து கையைத் தூக்கிக் காட்டுவேன். நெட்டையர் மற்றவர்களுக்குச் சொல்லுவார். எல்லாரும் கேத்திலை நிற்பாட்டுவார்கள். மூன்றாம் நாள் நான் கொஞ்சம் பிந்திவிட்டேன். கடைசி வானில் இருந்த கிழவி நடந்து வந்து, "இன்றைக்குச் சோறு இல்லையா? எனக்குத் தேத்தண்ணி போடவேண்டும்," என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் எங்களால் தீர்க்க முடியவில்லை. கக்கூசுக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது. அது நிரம்பினால் இழுத்து எடுத்துக்கொண்டுபோய் அதற்கென்று இருக்கிற இடத்தில் ஊற்றிக் கழுவவேண்டும். வான் வாங்கியவர் செய்யட்டும் என்று நான் சொன்னேன். இவர் மழைக்கோட்டு, முகக்கவசம், முழங்கை வரைக்கும் கையுறை, என் நீச்சல் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு, பெட்டியைக் கையை நீட்டித் தூரப் பிடித்தபடி நடந்து போவார். எதிரில் வருகிறவர்கள் புல்லுக்குள் இறங்கி வழிவிடுவார்கள். திரும்பி வந்து ஒரு மணித்தியாலம் குளிப்பார். தலையில் மஞ்சள் தண்ணியும் தெளித்துக்கொள்வார்.

அந்தக் கோடை முழுக்க இப்படிக் கிட்டக் கிட்டப் போய்ப் பழகிக்கொண்டோம். அடுத்த வருடம் இவருக்குத் தூரம் போகவேண்டும் என்று ஆசை வந்தது. ஜேர்மனிக்கு, அக்காவிடம்.

இவருடைய அக்கா எனக்கு மச்சாள். டோர்ட்முண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். எழுபத்திரண்டு வயது. மகன் குடும்பம் அடுத்த தெருவில். வானோடு வருகிறோம், வானிலேயே படுத்துக்கொள்வோம் என்று இவர் போனில் சொன்னதும் மச்சாளின் குரல் எனக்கு அடுத்த அறையில் கேட்டது.

"அப்ப என்ர வீட்டில உங்களுக்குப் படுக்க இடமில்லையோ? கார் பார்க்கில கிடக்க நீங்கள் என்ன அகதியளோ?"

"ஓம் அக்கா, அகதியாத்தானே வந்தனாங்கள்," என்றார் இவர்.

மச்சாள் போனை வைத்துவிட்டார்.

நாங்கள் போய்ச் சேர்ந்து கீழே வானை விட்டோம். மச்சாள் இறங்கி வரவில்லை. பல்கனியில் நின்று, வானைப் பார்க்காமல், தூரத்தில் தேவாலயக் கோபுரத்தைப் பார்த்தார். ஆனால் அரை மணிக்கு ஒருதரம் சாப்பாடு வந்தது. முதலில் வடை. பிறகு றோல்ஸ். பிறகு ஒரு சட்டி ஆட்டிறைச்சிக் கறி. ஒவ்வொருதரமும் நான் மூன்று மாடி ஏறி வாங்கி வந்தேன். ஒவ்வொருதரமும், "அந்தப் பெட்டிக்குள்ள கிடந்து முதுகும் நாரியும் பிடிக்கப்போகுது," என்று ஒரு வசனம் கூடவே வந்தது. பல்கனியிலிருந்து இவர் பெயரைச் சொல்லாமல், "டேய், ஆறப்போகுது, சாப்பிடு!" என்று சத்தம் போட்டார். மற்றப் பல்கனிகளிலிருந்து ஜேர்மன்காரரும் எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் மச்சாளால் பொறுக்க முடியவில்லை. சட்டி கழுவிவிட்டேனா என்று பார்க்கிற சாட்டில் இறங்கி வந்தார். வாசல்படியில் நின்று உள்ளே பார்த்தார். பிறகு ஏறினார். அலுமாரிகளைத் திறந்தார். என் பருப்பு டப்பாவை எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். அடுப்பைத் துடைத்தார். "புட்டுக்குழல் எங்க?" என்று கேட்டார். இல்லை என்றதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். முன்னால் இருக்கிற கதிரை உள்பக்கம் திரும்பும் என்று இவர் சுற்றிக் காட்டினார். மச்சாள் அதில் இருந்தார். ஒருதரம் இடப்பக்கம் சுற்றினார். ஒருதரம் வலப்பக்கம் சுற்றினார். பின்னேரம் ஆறு மணி வரைக்கும் அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு வான் கதவில் தட்டுச் சத்தம். மச்சாள் நின்றார். ஒரு கையில் பை, மற்றக் கையில் புட்டுக்குழல்.

"கடல் இஞ்சயிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

"ஒல்லாந்துப் பக்கம் போனா நாலு மணித்தியாலத்தில போகலாம்," என்றார் இவர்.

"நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பத்தெட்டு வருசம். இன்னும் ஒரு கடலும் பாக்கேல்லை. எடு வானை."

பின்னால் இருந்தால் தலை சுற்றும் என்று மச்சாள் முன்கதிரையைப் பிடித்துக்கொண்டார். நான் சட்டி பானைகளோடு பின்னால் போனேன். இது லண்டன் வான் என்பதால் ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருக்கிறார். அங்கே றோட்டிலும் வலப்பக்கமாகத்தான் ஓடவேண்டும். முன்னால் போகிற வாகனத்தை முந்துவதென்றால் எதிரில் என்ன வருகிறது என்று இவருக்குத் தெரியாது, இடப்பக்கம் இருக்கிறவர்தான் எட்டிப் பார்த்துச் சொல்லவேண்டும். வரும்போது அந்த வேலை என்னுடையது. இப்போது மச்சாளின் கைக்குப் போய்விட்டது. வாழ்க்கையில் சைக்கிளும் ஓட்டாத மனிசி.

பெரிய றோட்டை விட்டுச் சின்ன றோட்டுக்கு இறங்கியதும் முன்னால் ஒரு உழவு மெசின் வந்து மாட்டிக்கொண்டது.

"அக்கா, முந்தலாமோ?"

"பொறு. ஒரு வெள்ளைக் கார் வருது."

வெள்ளைக் கார் வருவதற்கு இரண்டு நிமிடம் எடுத்தது.

"இப்ப?"

"பொறு. அங்க ஒரு மனிசன் நாயோட நிக்கிறார்."

"அவர் வயலுக்குள்ளயெல்லோ நிக்கிறார்!"

"நாய் ஓடி வந்தா?"

அந்த உழவு மெசினுக்குப் பின்னால் நாங்கள் எவ்வளவு தூரம் ஊர்ந்தோம் என்று எனக்குத் தெரியாது. ஓட்டிய கமக்காரர் கடைசியில் தன் வீட்டு வாசலில் திரும்பும்போது, கூடவே வந்ததற்கு நன்றி சொல்வதுபோல எங்களுக்குக் கை காட்டினார்.

அதற்குக் கொஞ்சம் தள்ளித்தான் எல்லை வந்தது. எல்லை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீல நிறத்தில் நட்சத்திரம் போட்ட ஒரு பலகை. இவர் அதைத் தாண்டி, ஓரத்தில் இடம் பார்த்து வானை நிறுத்தினார். இறங்கி, பலகை வரைக்கும் திரும்பி நடந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் போனார். பிறகு இந்தப் பக்கம் வந்தார். திரும்பவும் அந்தப் பக்கம் போனார். மச்சாள் யன்னலைத் திறந்தார்.

"டேய் தம்பி, என்னத்தைத் தேடுறாய்?"

இவர் கிட்ட வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அண்டைக்கு லண்டனுக்கெண்டு உங்கட வீட்டிலயிருந்து லொறியில ஏத்தினாங்களெல்லோ, இந்தப் பக்கத்தாலதான் கொண்டுபோனவங்கள். ஒன்பது பேர். வெங்காய மூட்டையளுக்குப் பின்னால. எல்லையில லொறி நிண்டது. ஒரு நாய் குலைச்சது. நாங்கள் மூச்சு விடேல்லை. வெளியில பெரிய மதில், துவக்கோட ஆமி எல்லாம் நிக்குது எண்டு நான் நினைச்சனான். இவ்வளவு காலமும் அந்த மதிலைத்தான் கனவில காணுறனான்."

நாங்கள் மூன்று பேரும் வெளியே பார்த்தோம். ஒரு புல்வெளி. நாலு மாடு. அதற்கு அங்கால் உருளைக்கிழங்குப் பொரியல் விற்கிற ஒரு கடை.

இவர் இந்தக் கதையை எனக்குச் சொன்னதே இல்லை. லொறியில் வந்தார் என்று மட்டும் தெரியும். தூரப் பயணம் என்றதும் ஏன் ஸ்கொட்லாந்துக்கோ வேல்ஸுக்கோ போகாமல் இந்தப் பக்கம் வந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. அவருக்குக் குடிக்கத் தண்ணி எடுக்க எழும்பினேன். அதற்குள் மச்சாள் கேட்டார்:

"அண்டைக்கு நான் புட்டும் முட்டைப் பொரியலும் கட்டித் தந்தனான். சாப்பிட்டனியோ?"

"இல்லை அக்கா. இருட்டுக்குள்ள ஆரோ அதுக்கு மேல இருந்திட்டாங்கள்."

மச்சாளின் முகம் மாறிவிட்டது. "முப்பத்தஞ்சு வருசமா நீ அதைச் சாப்பிட்டாய் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன்! ஒரு வார்த்தை சொன்னியே?"

"என்னெண்டு சொல்லுறது, அக்கா?"

மச்சாள் முன்கதிரையிலிருந்து எழும்பிப் பின்னால் வந்தார். என்னை விலகச் சொன்னார். அரிசிமா எங்கே, தேங்காய்ப்பூ எங்கே என்று கேட்டார். எல்லைக்கு இருபது அடி தள்ளி, றோட்டோரத்தில், மாடுகள் பார்த்துக்கொண்டிருக்க, புட்டு அவிந்தது. இவர் மேசையில் சின்னப் பிள்ளை மாதிரி இருந்து மூன்று தட்டுச் சாப்பிட்டார். மச்சாள் பக்கத்தில் நின்று, தட்டு காலியாகும் வரைக்கும் கண்ணை எடுக்கவில்லை.

கடற்கரைக் கேம்ப்சைட்டுக்குப் பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். இவர் மழைக்கோட்டையும் கையுறையையும் எடுத்ததை மச்சாள் கண்டுவிட்டார். என்ன விசயம் என்று கேட்டார். சொன்னோம். மச்சாள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "நான் இருபத்திரண்டு வருசம் ஆஸ்பத்திரியில கிளீனிங் வேலை செய்தனான். தா இஞ்ச," என்று பெட்டியை வாங்கி, வீட்டுச் சட்டையோடும் செருப்போடும் போய், பத்து நிமிடத்தில் பளபளவென்று கழுவிக்கொண்டு வந்துவிட்டார். வருகிற வழியில் ஒரு ஒல்லாந்துக்காரருக்கு அவருடைய பெட்டியை எப்படிக் கழுவவேண்டும் என்று ஜேர்மன் மொழியில் விளங்கப்படுத்திவிட்டும் வந்தார்.

பிறகு கடலுக்குப் போனோம். சாம்பல் நிறக் கடல், ஊசி மாதிரிக் காற்று. காலை மட்டும் நனைப்பார் என்று நினைத்தேன். மச்சாள் சட்டையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்தபடி நேராக உள்ளே நடந்தார். இடுப்பளவு தண்ணியில் நின்று, "ஐயோ குளிருது, ஐயோ குளிருது!" என்று கத்தினார். ஆனால் திரும்பி வரவில்லை. இவர் பின்னால் ஓடினார். ஒரு அலை வந்து இரண்டு பேரையும் உருட்டியது. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழும்பி, திரும்ப விழுந்து, வாய்க்குள் போன தண்ணியைத் துப்பித் துப்பிச் சிரித்தார்கள். நான் கரையில் மூன்று பேருடைய செருப்பையும் பிடித்துக்கொண்டு, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று தெரியாமல் நின்றேன்.

வானுக்குத் திரும்பி வந்தபோது மச்சாளின் போன் மேசையில் கிடந்து துடித்துக்கொண்டிருந்தது. பதினான்கு அழைப்பு. மகன். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டி வருவது, சாப்பாடு கொடுப்பது எல்லாம் தினமும் மச்சாளின் வேலை. மச்சாள் யாரிடமும் சொல்லாமல் வந்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரியும். இவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

மச்சாள் துவாயால் தலையைத் துவட்டிக்கொண்டே போனை எடுத்தார். "ஓம், கடற்கரையில நிக்கிறன்… இல்லை, ஒரு வருத்தமும் இல்லை… மாமாவும் மாமியும் நிக்கினம்… பிள்ளையளை இண்டைக்கு ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? நீயோ? நல்லது. நாளைக்கும் நீயே கூட்டிக்கொண்டு வா. நான் லீவில நிக்கிறன்."

அந்தப் பக்கத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார்கள். மச்சாள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எப்ப வருவன் எண்டு எனக்குத் தெரியாது. வான் என்ர இல்லை," என்று சொல்லிப் போனை நிற்பாட்டி என்னிடம் தந்தார்.

"எடி பிள்ளை, இதை அந்த அரிசி டப்பாக்குள்ள வைச்சு மூடு. இனி அடிச்சாலும் கேக்கக்கூடாது."

இரண்டு நாள் என்று போன நாங்கள் அங்கே ஏழு நாள் நின்றோம். கட்டிலை மச்சாளுக்குக் கொடுத்துவிட்டு, மேசையை மடித்துப் போட்ட பலகையில் நாங்கள் இரண்டு பேரும் முதுகுக்கு முதுகு கொடுத்துப் படுத்தோம். இவருடைய முழங்கால் என் விலாவில் இடித்தது. "கொஞ்சம் தள்ளிப் படுங்கோ," என்றேன். "தள்ளினா கக்கூசுக்குள்ளதான் போகவேணும்," என்றார். மச்சாள் கட்டிலில் இருந்து, "சத்தம் போடாமப் படுங்கோ, விடிய நான் கடலுக்குப் போகவேணும்," என்றார்.